ஏழரைக்குத் திறக்கிற அருவி

ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்குப் போகிற ஏ-7 வீதியில் ஒருமுறையாவது போனவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். கொட்டகலை, பத்தனை தாண்டியதும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் டெவோன் அருவி 97 மீற்றர் உயரத்தில் இருந்து விழும். இன்னும் கொஞ்சத் தூரம் போனால், தலவாக்கலைக்கு முன்னால், சென்கிளேயர். இது அகலமான அருவி, படிபடியாக இறங்கும். ரெண்டையும் வீதியோரம் நின்றே பார்க்கலாம். வேன்கள் நிற்கும், போட்டோ எடுப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், போவார்கள்.

கம்பஸ் நண்பர்களோடு போன ட்ரிப்பில் நாங்களும் அதைத்தான் செய்தோம். யாழ்ப்பாணத்து நண்பன் ஒருத்தன் சொன்னான், "குடுத்து வச்சவன்டா நீ, இப்பிடி ஒரு இடத்தில பிறந்திருக்கிறாய்." நான் சிரித்து வைத்தேன். பிறகு அவன் கடைக்கார அக்காவிடம் கேட்டான், "அக்கா, எப்பவும் இவ்வளவு தண்ணிதான் வருமா?" அக்கா தேத்தண்ணியை ஆத்திக்கொண்டே சொன்னா, "இது டைமுக்கு வர்ற தண்ணி தம்பி."

அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் அங்கே வைத்து விளக்கத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கான பதில்.

சென்கிளேயர் இருப்பது கொத்மலை ஓயாவில். அருவிக்கு மேலே, தலவாக்கலை நகரத்தை ஒட்டி ஓர் அணை இருக்கிறது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் என்று ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2012இல் திறந்தார்கள். அணையின் உயரம் 35.5 மீற்றர். அங்கே மறிக்கிற தண்ணி ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக நியம்கம்தொரவில் நிலத்துக்கு அடியில் இருக்கிற மின்நிலையத்துக்குப் போகிறது. 150 மெகாவாட் மின்சாரம் எடுத்த பிறகுதான் திரும்ப ஆற்றில் சேர்கிறது. அணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற ஆற்றுக்கு மிச்சத் தண்ணிதான். அந்த நடுவில்தான் சென்கிளேயர் இருக்கிறது.

முதலில் போட்ட திட்டத்தில் இன்னும் பல அருவிகளின் நீரைத் திருப்புவதாக இருந்தது. சுற்றாடல் அமைப்புகளும் மலையகக் கட்சிகளும் எதிர்த்தன. கடைசியில் சென்கிளேயர் மட்டும் என்று குறைத்தார்கள். அதற்கும் அரசு ஓர் உத்தரவாதம் கொடுத்தது: நாளுக்கு 47,250 கனமீற்றர் தண்ணி அருவிக்கு விடப்படும், காலை 7.30 முதல் மாலை 6 மணி வரை. பத்தரை மணித்தியாலம்.

அந்த நேரத்தை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். மீனுக்கும் கரையில் இருக்கிற மரத்துக்கும் இரவிலும் தண்ணி வேண்டும். பகல் மட்டும் தண்ணி தேவைப்படுவது வீதியில் நின்று பார்க்கிற கண்ணுக்குத்தான். அருவியைக் காப்பாற்றியது அதன் அழகு, இன்னும் சரியாகச் சொன்னால் அது வீதியில் இருந்து தெரிகிற இடத்தில் இருப்பது.

அந்த வீதியில் இருந்து தெரிகிற மற்றதெல்லாம் எப்படி வந்தது? பச்சை மலை என்று நாம் போட்டோ எடுக்கிறது காடு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. காட்டை வெட்டியதும், கோப்பியைப் பிடுங்கியதும், தேயிலை நட்டதும் தமிழ்நாட்டில் இருந்து வந்த சனங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1885இல் ரயில் நானுஓயா வரை வந்தது. கீழே இறங்கப் போகிற தேயிலைக்காகத்தான் அது மேலே ஏறியது.

அருவிகளின் பெயரையும் பாருங்கள். டெவோன் என்பது பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த ஓர் ஆங்கிலேயக் கோப்பித் துரையின் பெயர் என்கிறார்கள். சென்கிளேயர் தோட்டத்தின் பெயர். தோட்டங்களுக்குத் தொழிலாளர் தங்களுக்குள் வைத்த தமிழ்ப் பெயர்கள் வேறாக இருந்தன. அந்தப் பெயர்கள் வாயில் இருந்தன, வீதிப் பலகையில் ஏறவில்லை.

இதே தலவாக்கலைக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1947 தேர்தலில் இந்தத் தொகுதி மக்கள் ஸி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்து வாழ்க்கையை எழுதிய கவிஞர், தொழிற்சங்கக்காரர். அடுத்த வருடமே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. மிச்சமிருந்த கடைசி ஆட்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டி வந்தது. மலையைச் செய்தவர்கள் அந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உரிமை இல்லாமல் இருந்த வருடங்கள் அவை.

அணைக்காகத் தலவாக்கலையில் ஏறக்குறைய 500 குடும்பங்கள் இடம் மாறின. அவர்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், 10க்கு 12 அடி லயத்துக் காம்பராவில் வளர்ந்தவனுக்குத் தனி வீட்டின் அருமை தெரியும். ஆனால் யோசிக்க வைக்கிற விஷயம் இதுதான்: அந்தச் சனத்துக்கு லயத்தை விட்டு வெளியே வர ஓர் அணை வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில், அணைக்குத் தேவைப்படாத லயங்களில், தகரம் இன்னும் ஒழுகுகிறது.

வீதியில் இருந்து பார்த்தால் அந்த லயங்களும் தெரியும். தேயிலைக்கு நடுவில் நீளமான கூரைகள், கொடியில் துணி. போட்டோவில் அழகாகவே விழும். அருவிக்கு மணிக்கணக்கில் எழுதிக் கொடுத்த உத்தரவாதம் மாதிரி ஒன்று அந்தக் கூரைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மச்சான், நீ கேட்டதுக்குப் பதில் இவ்வளவுதான். தண்ணி எப்பவும் அவ்வளவு வராது. பார்க்க ஆள் இருக்கிற நேரத்துக்கு வரும். அன்றைக்கு எதிரே தெரிந்த லயங்களைக் காட்டி, எங்கள் வீடும் இப்படித்தான் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நானும் அருவியை மட்டும்தான் காட்டினேன்.

அடுத்த முறை வெள்ளனவே, ஏழரைக்கு முன்னால் போவோம். பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்த நேரம் மலையேறத் தொடங்கியிருப்பார்கள்.