தொட்டால் வெற்றி!

குற்றாலத்திலே சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையிலே கூட்டம் நெரியும். பேரருவியின் கீழே, பட்டாடையைக் களைந்து வந்தவனும் நிற்பான். கந்தலைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவனும் நிற்பான். இருவர் தலைமீதும் நீர் ஒரே வேகத்தில்தான் விழுகிறது. அருவிக்குச் சாத்திரம் தெரியாது! உடலுக்கும் தெரியாது. ஓடினால் வியர்க்கும், பயின்றால் உரமேறும். எவருடைய உடலாயினும் இதுவே இயற்கை. ஆனால், அந்த உடலைக் களத்திலே இறக்குபவன் மனிதனாயிற்றே. அவன் சாத்திரத்தை மடியிலே கட்டிக்கொண்டல்லவா வருகிறான்!

தென்காசியிலிருந்து நெல்லைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையிலே இருக்கிறது சேரன்மாதேவி. அங்கே வ.வே.சு. அய்யர் ஒரு குருகுலம் நடத்தினார். நாட்டுக்கு உழைக்கும் வீர இளைஞரை உருவாக்குவது நோக்கம். பாடத்தோடு உடற்பயிற்சியும் உண்டு. தமிழ்நாடு காங்கிரசு 10,000 ரூபாய் தர ஒப்பி, 5,000 ரூபாயைக் கொடுத்தும்விட்டது. நோக்கம் நன்று, பணமும் பொதுப்பணம். பந்தி மட்டும் பொதுப்பந்தியன்று! பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே இலை போடப்பட்டது. கேட்டால், பெற்றோரின் விருப்பமாம்! பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் கொதித்தெழுந்தனர். 1925இல் அய்யர் பொறுப்பிலிருந்து விலகினார். இந்த வரலாற்றை நம் தோழர்கள் அறிவர். நான் சுட்ட விரும்புவது ஒன்றே: கூடிப் பயிலலாம், கூடி உண்ணலாகாது என்ற அந்தக் கோணல் கணக்கு சேரன்மாதேவியிலே பிறந்ததன்று.

அதற்கும் முன்னே புனாவிலே, பல்வங்கர் பாலு என்றோர் இளைஞன் இருந்தான். தாழ்த்தப்பட்ட குலம். வெள்ளையர் கிரிக்கெட் கழகத்திலே மைதானத்தைச் செப்பனிடும் வேலை. திங்களுக்கு 4 ரூபாய் கூலி. வெள்ளைத் துரைமார் மட்டை பிடித்துப் பழகுவதற்காக, மணிக்கணக்கில் இவன் பந்து வீசுவான். வீசி வீசித் தேர்ந்தான். வெள்ளையரை வெல்ல வேண்டுமே என்ற ஆசை இந்து அணியாருக்கு வந்தது, அழைத்துக்கொண்டனர். களத்திலே அவன் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். இடைவேளை வந்ததும், அவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. அவனுக்கு வெளியே மண்குவளை! பந்துக்கு இல்லாத தீட்டு தேநீருக்கு எங்கிருந்து வந்தது? வெற்றி தேவைப்படும் வரையில் தீட்டு உறங்கும். தேநீர் வந்ததும் விழித்துக்கொள்ளும் போலும்!

1906இல் பம்பாயிலே வெள்ளையர் அணியை இந்து அணி வென்றதற்குப் பாலுவின் பந்துவீச்சு பெருந்துணை. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியிலே அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. இத்தனைக்குப் பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. போராட்டத்துக்குப் பின், 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிட்டியது. உழைக்க அழைப்பார்கள், தலைமைக்கு அழைக்கமாட்டார்கள்!

கிரிக்கெட் கிடக்கட்டும், கடல் கடந்து வந்த ஆட்டம். நம் சடுகுடுவைப் பாருங்கள். மூச்சை அடக்கிப் பாடிச் செல்பவன் எதிரியைத் தொட்டுவிட்டு மீண்டால் வெற்றி; எதிரணியோ அவனைக் கட்டிப்பிடித்து மடக்கினால் வெற்றி. தொடாமல் ஆட முடியாத ஆட்டம் இது! தீண்டாமையைப் பேணிய ஊர்களிலே, தீண்டுவதையே விதியாகக் கொண்ட ஆட்டம்! மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994இல் இரோசிமா ஆசிய விளையாட்டிலே தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அடுத்த ஆண்டு அர்ச்சுனா விருது. பொருநைக் கரையின் புழுதியிலே எத்தனை கணேசர்கள் அணியிலே சேர்க்கப்படாமலே நின்றுவிட்டனரோ! பெண்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்: ஆசிய விளையாட்டிலே ஆடவர் சடுகுடு சேர்ந்தது 1990இல், மகளிர்க்கு அவ்வாசல் திறந்தது 2010இல்.

பழங்கதை பேசுகிறேன் என எண்ண வேண்டாம். 2019இல் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது. சில பள்ளிகளிலே மாணவர் தம் சாதியைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என வண்ணக் கயிறுகளை மணிக்கட்டிலே கட்டுகிறார்கள். விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதற்கும், உணவு வேளையிலே கூடுவதற்கும் அக்கயிறே அடையாளமாகிறது என்று சுட்டியது. விளையாட்டும் உணவும்! புனாவும் சேரன்மாதேவியும் ஒரே முழக் கயிற்றிலே! 2023இல் நாங்குநேரியிலே ஒரு மாணவன் தன் வீட்டிலேயே சக மாணவரால் வெட்டப்பட்டான். காக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையிலே அக்கயிறுகளுக்குத் தடை வேண்டுமென்றது.

தடை வரட்டும், நல்லதே. ஆனால் அணி பிரிப்பது அரசாணையன்று, ஆசிரியனின் விரல். அந்த விரலுக்குரியவர்களில் நானும் ஒருவன். கையிலே கயிறு இல்லாவிட்டாலும் எந்தத் தெருப் பிள்ளை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவனாய் நிற்கப் பழக வேண்டியிருக்கிறது.

சாரல் காலத்திலே தென்காசி வட்டாரத் தோழர்கள் ஒரு சடுகுடுப் போட்டி நடத்தட்டும். தெருவுக்கு ஓர் அணி என்ற வழக்கம் வேண்டாம். பெயர்களைச் சீட்டிலே எழுதிக் குலுக்கி எடுங்கள். வருகிற ஏழு பேர் ஓர் அணி. பெண்களுக்கும் அவ்வாறே. ஆட்டம் முடிந்ததும் அருவியிலே குளியல், அதன்பின் சாப்பாடு. இலைகளை ஒரே வரிசையிலே போடுங்கள்.