சூப்பர் ஸ்பீட்ஸ் (கார் பந்தய அணி)

சூப்பர் ஸ்பீட்ஸ் என்பது கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் (1954–1995) நடத்திய கார் பந்தய அணி, பட்டறையும் அதுவே. அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம் இந்தியாவில் வேர்விடவில்லை. ஆனால் கடையில் வாங்கிய காரைப் பந்தயத்துக்குத் திருத்துவது என்ற அதன் பழைய வழக்கத்துக்கு இங்கே நெருங்கிய உறவு தேடினால் இந்த அணியிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

1980களின் தொடக்கம் வரை இந்தியச் சாலைகளில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே பெரும்பாலும் ஓடின. வெளிநாட்டுக் கார் கொண்டுவர வரி மிகக் கடுமை. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் (தொடக்கம் 1953) பந்தயங்கள் நடத்திவந்தது. வசதியுள்ளவர்கள் அங்கே வெளிநாட்டு வண்டிகளை இறக்கினர். தொழிலதிபர் விஜய் மல்லையா பழைய ஃபார்முலா 1 வண்டியான என்சைனையே ஓட்டினார். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளையான கரிவரதனுக்கும் பணம் தடையாக இருந்திருக்காது. அவரை வேறுபடுத்தியது பட்டறைதான். பஞ்சாலை எந்திரங்களும் பம்பு செட்டுகளும் செய்துவந்த ஊர் கோவை. வார்ப்படமோ கடைசல் வேலையோ, கைதேர்ந்த ஆள் தெருவுக்குத் தெரு கிடைப்பார். பந்தயக் கார் கட்ட நினைப்பவருக்கு இதைவிட ஏற்ற ஊர் நாட்டில் அதிகம் இல்லை.

1983இல் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின்; பந்தயக்காரர்கள் ஏளனம் செய்யத் தக்க அளவுதான். ஆனால் எங்கும் கிடைத்தது, உதிரிபாகமும் மலிவு. 1988இல் கரிவரதன் இந்த எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஒருவர் மட்டும் அமரும் திறந்த சக்கர வண்டியாக ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். வேகத்தில் இது ஐரோப்பியப் பந்தய வண்டிகளின் அருகில்கூட வராது. எனினும் எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் காசுக்காரருக்கும் புதியவருக்கும் இடையிலான தூரம் குறைந்தது. யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அணி வென்ற கோப்பைகளைவிட இந்த வண்டியையே அதன் சாதனையாகக் கொள்ள வேண்டும். தன் போட்டியாளர்களும் ஓட்டக்கூடிய காரை ஓர் அணி செய்துகொடுத்தது பந்தய உலகில் அவ்வளவாகக் காணக் கிடைக்காத குணம்.

சோழவரத்துக்குப் பதிலாக 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி. ஆர். கார்த்திகேயனின் மகன். நரேன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010இல் அவர் அசலான ஸ்டாக் கார் உலகுக்கும் போனார்: அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் பிக்-அப் டிரக் தொடரில், வைலர் ரேசிங் என்ற சிறிய அணியின் 60ஆம் எண் வண்டியில் ஒன்பது பந்தயங்கள் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் நடந்த முதல் பந்தயத்தில் 13ஆம் இடம். வெற்றி எதுவும் இல்லாமலே அந்த ஆண்டு ரசிகர்களின் வாக்கில் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதைப் பெற்றார். வாக்குகள் எந்த நாட்டிலிருந்து குவிந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

1995இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். சங்கிலிகள் செய்யும் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்தில் கட்டிய பந்தயத் தளம் 2003இல் கரிவரதன் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஃபார்முலா மாருதியின் இடத்தை எல்.ஜி.பி. பெயரிலான வண்டிகள் பிடித்தன. எஞ்சின் 1.3 லிட்டராக வளர்ந்தது. அதுவும் மாருதி ஸ்விஃப்டிலிருந்து எடுத்ததே.