எடைப் பிரிவும் அரை பவுண்டும்

1993இல் டென்வரில் நடைபெற்ற முதல் யூஎஃப்சி கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியில் எடைப் பிரிவுகள் இல்லை. 1997இல் 200 பவுண்டை எல்லையாகக் கொண்டு இரு பிரிவுகள் வகுக்கப்பட்டன. பின்னர்ப் பிரிவுகள் பெருகின. உடல்நீரை வற்றச்செய்து எடைகுறைக்கும் வழக்கமும் வேரூன்றியது. 2015 டிசம்பரில் மணிலாவில் அவ்வாறு எடைகுறைக்க முயன்ற சீன வீரர் யாங் ஜியான்பிங் 21ஆம் வயதில் இறந்தார். அதன்பின் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் அம்முறையைத் தடைசெய்தது.

எடை அளக்கப்படுவது பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாளில். இடைப்பட்ட நேரத்தில் நீரருந்திப் பல பவுண்டு கூடுவதை விதி பொதுவாகத் தடுப்பதில்லை. ஆயினும் 2022 மே மாதத்தில் சார்லஸ் ஒலிவேரா, 155 பவுண்டு எல்லையை அரை பவுண்டு மீறியமைக்காகப் பட்டமிழந்தார். மறுநாள் முதற்சுற்றிலேயே வென்றும் அதனை மீட்க இயலவில்லை. நியாயம் இங்கே உடலை அன்று, தராசு நின்ற நொடியையே அளந்தது எனலாம். பட்டமில்லாப் போட்டியாயின் அந்த அரை பவுண்டு, விதி தரும் ஒரு பவுண்டுச் சலுகைக்குள் அடங்கியிருக்கும்.