கீழூரில் விழுந்த எட்டு வாக்குகள்

கல்லணையில் மதகு திறந்துவிட்டால் எங்கள் பூதலூர்ப் பக்கத்துக்கு நீர் வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. அதே நீர் காவிரியாக ஓடி, குடந்தைப் பக்கம் அரசலாறாகப் பிரிந்து, காரைக்காலில் கடலைத் தொடுவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். நாங்கள் தலைமடை, அவர்கள் கடைமடை. ஆற்றுக்கு எல்லை தெரியாது. ஆனால் 1954ஆம் ஆண்டு வரை அந்தக் கடைமடையில் பறந்த கொடி மட்டும் வேறாக இருந்தது.

மர்ஹூம் பாட்டனார் காரைக்காலில் பெண் கட்டியவர். மாமனார் வீட்டுக்குப் போவதென்றால் பூதலூரில் ரயிலேறி, தஞ்சை, மாயவரம் கடந்து, பேரளத்தில் வண்டி மாறிப் போவார். எல்லையில் சுங்கத்தார் ஏறி மூட்டைகளைக் குடைவார்களாம். "சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகும் அரிசி மாவுக்கும் கணக்குக் கேட்டான்" என்று அவர் சொல்லிச் சிரித்ததுண்டு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அது வேடிக்கைக் கதை. அந்த ஊர் மக்களிடம், "நீங்கள் எந்த நாட்டைச் சேர்ந்திருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்பதாக இரண்டு அரசுகள் எழுத்தில் வாக்களித்தன என்பதும், அவ்வாக்கு எவ்வாறு நிறைவேறியது என்பதும் பின்னாளில் வரலாற்று ஏடுகளைப் புரட்டிய பிறகே எனக்குத் தெரிந்தது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739ஆம் ஆண்டில். தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி அரியணைச் சண்டையில் சிக்கித் தவித்த வேளையில், புதுச்சேரி ஆளுநர் தூமா பொருளுதவி செய்ய முன்வந்தார். அதற்கு ஈடாகக் காரைக்காலையும் சில சிற்றூர்களையும் தருவதாக மன்னர் ஒப்புக்கொண்டார். காரியம் ஆனபின் அவர் தயங்கவே, சந்தா சாகிபின் படை வந்து இடத்தைப் பிரெஞ்சுக்காரருக்குப் பிடித்துக் கொடுத்தது. விற்றவர் ஒரு மன்னர், வாங்கியது ஒரு வணிகக் கும்பினி, தரகு பார்த்தவர் ஒரு நவாபின் மருமகன். உழுதவனையும் வலை வீசியவனையும் யாரும் கேட்கவில்லை. அக்காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை.

கேட்கும் வழக்கம் பிரெஞ்சுப் பகுதியில்தான் முதலில் வந்தது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. 1870களிலேயே காரைக்காலில் வயது வந்த ஆண்மகன், சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாக்களிக்கலாம். பாரிசு நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியா ஓர் உறுப்பினரை அனுப்பியது. எங்கள் தஞ்சை மாவட்டத்திலோ வெள்ளையர் ஆட்சி முடியும் வரையிலும், வரி கட்டுவோர், சொத்துடையோர், படித்தோர் என்று பொறுக்கி எடுத்தவர்களுக்கே வாக்கு. ஆனால் காகிதத்தில் இருந்த உரிமை களத்தில் வேறாக இருந்தது. 1884இல் வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, தம் குல, சமய வழக்குகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒன்று, எஞ்சிய பெருங்கூட்டத்துக்கு ஒன்று. ஷரீஅத் சட்டத்தை விட மனமில்லாத நம்மவரில் பெரும்பாலோர் மூன்றாம் பட்டியலில்தான் நின்றார்கள். தேர்தல் நாளில் அடியாட்கள் தெருவை ஆண்டதும், இறந்தோர் பெயரில் வாக்கு விழுந்ததும் பிரெஞ்சிந்திய அரசியலில் பழகிப்போன காட்சிகள். வாக்குப் பெட்டியின் மகிமையையும் அதன் மோசடியையும் ஒருசேர அறிந்திருந்தவர்கள் அம்மக்கள்.

1947 ஆகஸ்டில் நம் பக்கம் விடுதலை வந்தது. அந்தப் பக்கமும் விடுதலை வேட்கை புதியதன்று. 1936 ஜூலை 30இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாளிலிருந்தே அது கனன்றுகொண்டிருந்தது. எனினும் பிரெஞ்சு அரசுக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அல்லது சிக்கல் இருப்பது அதற்கு வசதியாக இருந்தது. 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டம், அங்கு வாழும் மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் பிறருக்குக் கொடுத்தல் செல்லாது என்றது. ஆகவே 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் உடன்பாடு கண்டன. ஒவ்வொரு குடியேற்றத்தின் மக்களும் தம் எதிர்காலத்தைத் தாமே வாக்களித்துத் தீர்மானிப்பர் என்பது அதன் சாரம். வங்கத்துச் சந்திரநாகூர் முதலில் வாக்களித்தது. 1949 ஜூன் 19இல் இணைப்புக்கு 7,473 வாக்குகள், எதிர்ப்பு 114. கேள்வி தெளிவு, விடையும் தெளிவு.

அந்த எண்களைக் கண்டபின் பாரிசுக்கு அவசரம் குறைந்துவிட்டது. புதுவை, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கிலும் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. இந்தியாவோ 1949 ஏப்ரலில் பழைய சுங்க உடன்பாட்டை முடித்து, எல்லையை இறுக்கியது. 1951இல் வந்து பார்த்த நடுநிலைப் பார்வையாளர்கள், அச்சமின்றி வாக்களிக்கும் சூழல் இங்கில்லை என்று கருதினார்கள். அதன்பின் வாக்கெடுப்பே வேண்டாம், நேராக ஒப்படையுங்கள் என்று தில்லி கேட்கலாயிற்று. இணைப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மக்களைக் கேட்போம் என்று கையெழுத்திட்ட ஓர் அரசு, கேட்காமலே முடிப்போம் என்று மாறியதைக் குறிக்காமல் விட்டால் வரலாறு குறைபட்டுவிடும்.

இந்தக் காத்திருப்பு ஆண்டுகளில் காரைக்கால் வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள்? நம்பிக்கையை எளிதில் சொல்லிவிடலாம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் நாகூரிலும் நாகையிலும் திருவாரூரிலும். நெல் வந்ததும் நீர் வந்ததும் தஞ்சையிலிருந்து. நடுவில் நிற்கும் சுங்கச் சாவடி போகவேண்டும் என்று விரும்பாதவர், அதன் இடுக்கில் பொன்னும் கைக்கடிகாரமும் கடத்திப் பிழைத்தவர் மட்டுமே. இளைஞர்களின் உள்ளம் முழுதும் இணைப்பின் பக்கம். காரைக்காலில் 1937இல் பிறந்து, மாணவப் பருவத்திலேயே அப்போராட்டத்தில் இறங்கி, 1967இல் புதுவையின் முதலமைச்சரான எம்.ஓ.எச். பாரூக் மரைக்காயர் அத்தலைமுறையின் பிள்ளை.

அச்சம் அப்படி உரக்கப் பேசாது. காரைக்கால் முஸ்லிம் வீடுகள் பலவற்றின் அடுப்பு சைகோனில் எரிந்தது. துணிக்கடை, மளிகை, கொடுக்கல் வாங்கல் என்று பிரெஞ்சு இந்தோசீனத்தில் நம்மவர் வேரூன்றியிருந்தனர். சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. பிரெஞ்சுக் குடிமகன் என்ற தாள் அங்கே கடையைக் காத்த கவசம். இவர்களோடு, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றோரும், பிரெஞ்சுப் பள்ளியில் படித்துப் பிரெஞ்சு வேலையை எதிர்பார்த்தோரும் இருந்தனர். அன்றியும் அவை பிரிவினையின் இரத்தம் உலராத ஆண்டுகள். புதிய நாட்டில் தம் இடம் எது என்று முஸ்லிம் இல்லங்களில் கேள்வி எழுந்ததை ஒளிக்க வேண்டியதில்லை. "சைகோன் கடை வாசலில் நாளைக்கு எந்தத் தாளைக் காட்டுறது மச்சான்?" என்று பாட்டனாரின் மைத்துனர் கேட்டாராம். பாட்டனார் கதர் உடுத்தியவர். ஆனால் இக்கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

1954இல் எல்லாம் விரைந்து நடந்தன. மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆட்சிக்குத் தூணாக இருந்த எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் திரும்பினார். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் மூவண்ணக் கொடி ஏறியது. கோடையில் ஏனாமும் மாகேயும் கைமாறின. இவற்றைவிட வலிய அடி தொலைவில் விழுந்தது. மே 7இல் தியன் பியன் பூ வீழ்ந்தது; ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போர் முடிவுக்கு வந்தது. சைகோனே நழுவும்போது காரைக்காலைப் பிடித்துக்கொண்டு என்ன பயன்? பிரதமர் மென்டெஸ் பிரான்சு இதை உணர்ந்தவர். ஆனால் மக்கள் இசைவு வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு நடுவழி கண்டார்கள். மக்கள் அனைவரையும் கேட்பதற்கு மாறாக, மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கேட்பது.

புதுவைக்கு மேற்கே, வில்லியனூருக்கு அப்பால் உள்ள சிற்றூர் கீழூர். 1954 அக்டோபர் 18ஆம் நாள் பிரதிநிதி சபையினரும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி, மறைவாக வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்றாம் நாள் தில்லியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. நவம்பர் 1இல் கொடி மாறியது.

அந்த எட்டுப் பேர் யார் என்பதை மறைவு வாக்கு மறைத்துவிட்டது, அது நல்லதே. வெற்றி உறுதியாகி, ஊரெங்கும் ஆரவாரம் எழுந்த அவ்வேளையில் மாற்றுக் கருத்தை எழுதிப் பெட்டியில் இட எட்டுப் பேருக்கு இடம் இருந்தது என்பதே அந்த வாக்கெடுப்புக்குச் சான்று. நூற்றெழுபத்தெட்டும் ஒரே பக்கம் விழுந்திருந்தால் நான் ஐயப்பட்டிருப்பேன். என் குறை வேறிடத்தில் இருக்கிறது. 1948 உடன்பாடு ஒவ்வொரு குடியேற்றமும் தனித்தனியே முடிவு செய்யும் என்றது. கீழூரில் எண்ணிக்கை ஒன்றாகவே அறிவிக்கப்பட்டது. ஆகவே காரைக்கால் என்ன சொன்னது என்பதற்குத் தனி எண் இல்லை. சைகோன் கடைக்காரரும் ஓய்வூதியக் கிழவரும், 1946இல் வாக்குரிமை கண்ட பெண்களும் சீட்டைக் கையில் எடுக்கவேயில்லை. எடுத்திருந்தாலும் இணைப்பே பெருவாரியாக வென்றிருக்கும் என்பது என் துணிபு. அவ்வாறாயின் கேட்பதில் என்ன இழப்பு?

தனித்தனியே எண்ணுவதா, சேர்த்து எண்ணுவதா என்பது சிறு கணக்குப் பூசலன்று. இந்துமாக்கடலில் நம் மார்க்கத்தார் வாழும் கொமொரோத் தீவுகளைப் பாருங்கள். 1974 டிசம்பர் 22இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை வேண்டுமா என்று அங்கு வாக்கெடுப்பு நடந்தது. மொத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்குக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தனர். ஆனால் நான்கில் ஒன்றான மயோத் தீவில் மட்டும் பெரும்பான்மை எதிர்த்தது. பாரிசு தீவு தீவாக எண்ணியது. மூன்று தீவுகள் தனி நாடாயின; மயோத் பிரான்சோடு தங்கி, 2011இல் அதன் மாவட்டங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. அப்பூசல் இன்றும் தீரவில்லை. எண்ணும் முறையை வாக்குக்கு முன்பே முடிவு செய்யாவிட்டால், எண்ணுகிறவனே தீர்ப்பளிப்பவன் ஆகிவிடுகிறான்.

கீழூருக்குப் பின் ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர ஆறாண்டுகள் இழுத்தடித்தது. காரணம் அல்ஜீரியா. இங்கே விட்டுக் கொடுத்தால் அங்கே என்ன விளையும் என்ற அச்சம். ஏறத்தாழ எட்டாண்டுகள் இரத்தம் சிந்திய அல்ஜீரிய மக்கள் 1962 ஜூலை 1இல் தம் விடுதலைக்கு வாக்களித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆம் என்றனர். அடுத்த மாதம், ஆகஸ்டு 16இல், புதுவை ஒப்பந்தம் செயலுக்கு வந்தது. காரைக்கால் சட்டப்படி இந்தியாவானது, அல்ஜியர்சு விடுதலை பெற்றபின்தான்.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவில் ஓர் உறுதி இருக்கிறது. இப்பகுதிகளின் தனி நிருவாக நிலை தொடரும். அதை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தபின்பே மாற்றவேண்டும். கீழூரில் கேட்கப்படாதவர்களுக்குக் கிடைத்த ஈடு என்று இதைச் சொல்லலாம். அது வெறும் எழுத்தாகக் கிடக்கவில்லை. 1979 ஜனவரியில், புதுவையை அண்டை மாநிலத்தோடு சேர்க்கும் கருத்தை அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டபோது, புதுவைத் தெருக்கள் கொதித்தெழுந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இணைப்புக்காகப் போராடியவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இன்னோர் இணைப்பை எதிர்த்து நின்றது முரணன்று. எங்களைக் கேளுங்கள் என்பதே இரண்டு முறையும் அவர்கள் சொன்னது.

அதே ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள் பாட்டனாரின் மைத்துனர் கேட்ட கேள்விக்குக் காலம் கடந்து விடை தந்தன. காரைக்காலிலோ புதுவையிலோ பிறந்து இங்கேயே வாழ்ந்தவர் இந்தியக் குடிமகன் ஆவார்; பிரெஞ்சுக் குடிமையே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கு பிறந்து வெளிநாட்டில் வாழ்ந்தவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிப்பார். இந்தியக் குடிமை வேண்டுமென்றால் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரவர் பிரான்சைத் தேர்ந்தெடுத்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் பிரெஞ்சுத் தேர்தல்களில் புதுவையிலும் காரைக்காலிலும் இருந்தபடியே வாக்களிக்கிறார்கள்.

மைத்துனரின் மக்கள் இருவர். மூத்தவர் சைகோன் கடையில். இளையவர் காரைக்கால் வீட்டில். கெடு முடியும் வரை இருவரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. இளையவருக்கு அது தேவைப்படவில்லை. மூத்தவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் வாய் திறவாமலே இரண்டு நாட்டுக் குடிமக்களானார்கள். 1975இல் சைகோன் வீழ்ந்தபின் மூத்தவர் கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். தாம் பிறந்த வீட்டில் தம்பியோடு தங்குவதற்கு, அயல்நாட்டவர் என்று பதிந்துகொள்ள அவர் காவல் அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. உடன் சென்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் பாட்டனார்தான்.