சுவருக்கு வெளியே ஓடிய குதிரை

திருவண்ணாமலையில் ரேஸ் மைதானம் கிடையாது. கார்த்திகை தீபத்தை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தையில் குதிரைகளும் விலைக்கு நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் வழக்கத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு இந்த ஊர் மலைதான் ஞாபகத்துக்கு வந்தது. 2,668 அடி உச்சியில் மாலை ஆறு மணிக்கு தீபம் ஏறியதும் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டு வாசலில் விளக்கு வைப்பார்கள். யாரும் யாருக்கும் ஆள் அனுப்ப வேண்டாம். ஒரே செய்தி, ஒரே நேரத்தில், எல்லாருக்கும். பந்தயத்தில் குறுக்கு வழி தேடுகிறவனுக்கு இதைவிடப் பிடிக்காத ஏற்பாடு வேறு இருக்க முடியாது. அடுத்தவனுக்குச் செய்தி வந்து சேரும் முன் தனக்கு வர வேண்டும், அதில்தான் அவன் பிழைப்பே இருக்கிறது.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் பிரான்ஸின் பிளாங்க் சகோதரர்கள். 1830-களில் அங்கே மின்தந்தி வரவில்லை. மலைமேலும் கோபுரங்கள்மேலும் மரக்கைகளை அசைத்து அரசு செய்தி அனுப்பியது. பாரிஸில் கடன்பத்திரங்களின் விலை ஏறியதா இறங்கியதா என்பது போர்தோ நகரத்துக்கு அஞ்சல் வண்டியில் வர நாட்கணக்காகும். பிளாங்க் சகோதரர்கள் தூர் நகரத்துத் தந்தி ஊழியருக்குப் பணம் கொடுத்து, அரசுச் செய்திக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு தப்பான குறியை நுழைக்க வைத்தார்கள். அந்தக் குறியைக் கோபுரத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள போர்தோவில் ஆள் இருந்தது. 1834 முதல் இரண்டு வருஷம் ஓடியது இந்த வியாபாரம். 1836-ல் பிடிபட்டார்கள், ஆனால் தண்டிக்கச் சட்டம் இல்லை. சகோதரர்களில் ஒருவரான பிரான்சுவா பிளாங்க்தான் பிற்பாடு மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையை நடத்திப் பெரும் பணக்காரரானவர். தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

குதிரைக்கு வருவோம். 1867-ல் பாரிஸில் ஜோசப் ஓலேர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். எல்லாரும் கட்டும் பணத்தை ஒரே தொகையாகச் சேர்த்து, கமிஷன் கழித்து, ஜெயித்தவர்களுக்குப் பங்கு பிரிப்பது. கேட்க சுலபம். ஆனால் இருபது கவுன்ட்டரில் விற்கும் டிக்கெட்டை, குதிரை ஓடும் முன் யார் கூட்டுவது? அதற்கு எந்திரம் செய்தவர் ஜார்ஜ் ஜூலியஸ். தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்காகச் செய்து, ஆஸ்திரேலிய அரசு வேண்டாம் என்று சொன்ன எந்திரம் அது. 1913-ல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் அதைப் பூட்டினார்கள். எல்லா ஜன்னலையும் கம்பியால் ஒரு மையத்தோடு இணைப்பது, கதவு திறந்ததும் ஜன்னல்கள் பூட்டிக்கொள்வது, இதுதான் டோட். இன்று பெங்களூரில் ஓடும் குதிரைக்கு இன்னொரு ஊர் மைதானத்தில் உட்கார்ந்து பணம் கட்டுகிறார்கள் என்றால் அதே கணக்குத்தான், கம்பி மட்டும் நீண்டிருக்கிறது. கடைசி நிமிஷத்தில் லைன் போனால் ஒரு ஊரின் பணம் மொத்தத்தில் சேராது. விற்பனை அரை நிமிஷம் தாமதமாகப் பூட்டினால், முடிவு தெரிந்தவன் டிக்கெட் வாங்கிவிடுவான். ஊட்டி மாதிரி மலை மைதானத்துக்கு மழையும் ஒரு எதிராளியாக இருந்தது.

நம்மூர் சட்டம் இந்தக் கம்பியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, சுவரைத்தான் நம்பியது. பந்தயம் நடக்கும் அன்றைக்கு, மைதான வளாகத்துக்குள், அரசு அனுமதியோடு ஒதுக்கிய இடத்தில் கட்டினால் அது சூதாட்டம் ஆகாது. அதே குதிரைமேல் அதே பத்து ரூபாயை மதிலுக்கு வெளியே நின்று கட்டினால் குற்றம். 1974-ல் கலைஞர் அரசு இந்த விலக்கையும் எடுத்துவிட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு இழுத்து இழுத்து 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் அந்தத் தீர்ப்பு எடைபோடுகிறது. சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திறமை கிண்டியில் குதிரை நடப்பதைக் கண்ணால் பார்க்கிறவனுக்கு. இருநூறு கிலோமீட்டர் தள்ளி, வெறும் பெயரைக் கேட்டுப் பணம் கட்டுகிறவனிடம் என்ன திறமை இருக்க முடியும்?

எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்த ஒரு அண்ணன் அப்படிக் கட்டியவர். ஊருக்குள் ஒருவர் பணம் வாங்கி, மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்வாராம். அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார்: "தோக்குற குதிரைன்னா லைன் உடனே கெடைச்சிரும் தம்பி. ஜெயிக்கிற குதிரைன்னா மட்டும், 'போன் கெடைக்கலப்பா, ஒம் பணம் போய்ச் சேரல'ம்பான்." கட்டிய பணம் திரும்பி வரும், ஜெயித்தது வராது. போலீஸில் போய்ச் சொல்லவும் முடியாது, சுவருக்கு வெளியே கட்டியது குற்றமாச்சே. நம்பகமான இணைப்பு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் எனக்குச் சொன்னதில்லை. அண்ணன் கடையை விற்றது தனிக்கதை.

அமெரிக்காவில் இதே சங்கதி கம்பெனி அளவில் நடந்தது. பந்தய முடிவுகளைத் திரட்டித் தந்தியில் விற்றுச் சம்பாதித்த வெஸ்டர்ன் யூனியன், எதிர்ப்பு வலுத்ததும் 1904-ல் அந்தத் தொழிலை விட்டது. வேறு ஆட்கள் உடனே அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

கிண்டியில் இப்போது அந்தச் சுவருக்கும் வேலையில்லை. 1777-லிருந்து குதிரை ஓடிய இடம். 1945-ல் 99 வருஷக் குத்தகை, வருஷ வாடகை சுமார் 614 ரூபாய். வாடகைத் தகராறு முற்றி 2024 செப்டம்பர் 9 அன்று 160 ஏக்கரையும் அரசு கையில் எடுத்துக்கொண்டது.

மைதானம் போனாலும் ஊரில் பழக்கம் போகவில்லை, குதிரைதான் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை. கேரளாவில் தினமும் மூன்று மணிக்குக் குலுக்கல். அந்தப் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின்மேல் இங்கே திருட்டுத்தனமாகப் பணம் கட்டுவதற்குப் பெயர் மூணு நம்பர் லாட்டரி. வாட்ஸ்அப்பில் எண், கையில் பணம். கட்டட வேலைக்குப் போகிறவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும்தான் அதிகம். மூன்று மணி தாண்டியதும் பஸ் ஸ்டாண்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு போனைப் பார்க்கிறார்கள். டவர் நன்றாகவே கிடைக்கிறது.