ஏவி ரிசீவர்

ஏவி ரிசீவர் என்பது தொலைக்காட்சி, வட்டு இயக்கி முதலியவற்றின் குறிகைகளைப் பெற்று, ஒலியைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கும் நிகழ்படத்தைத் திரைக்கும் அனுப்பும் வீட்டுத் திரையரங்குக் கருவி ஆகும்.

மாற்றுக் கருவியைத் தேர்தல்

பழைய கருவி பழுதுற்றால் ஒலிபெருக்கிகளையும் மாற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அவற்றின் மின்மறுப்பு (பொதுவாக 4 முதல் 8 ஓம் வரை) புதிய கருவி ஏற்கும் அளவினதாக இருத்தல் வேண்டும். திறனை இருமடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். எனவே கூடுதல் வாட்டுக்காகப் பெருந்தொகை செலவிடுவது அதிகப் பயன் தராது. ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழொலிபெருக்கியும் உடையோருக்கு 5.1 தடக் கருவி போதுமானது.

2009இல் வெளியான எச்டிஎம்ஐ 1.4 சீர்தரத்தில் அறிமுகமான ஏஆர்சி வசதி, தொலைக்காட்சியின் ஒலியை அதே வடத்தின் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்புகிறது. இவ்வசதியற்ற மலிவான பழைய கருவிகளை ஒளியிழை வடத்தால் இணைக்கலாம். எனினும் டால்பி ட்ரூஎச்டி போன்ற இழப்பற்ற ஒலி அவ்வடத்தின் வழியே செல்லாது.