பிளேக் வரைந்த எல்லைகள்: மாட்டுங்கா, தாராவி, செம்பூர்

1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் மருத்துவர் அகாசியோ கேப்ரியல் வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். தானியக் கிடங்குகளும் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளும் ஒட்டி நின்ற பகுதி அது. கிடங்கில் எலி, எலியின் உடலில் தெள்ளு, சுவருக்கு இப்பால் மனிதர். ஆனால் தெள்ளின் பங்கு அன்று அறியப்பட்டிருக்கவில்லை. 1898இல் பால்-லூயி சிமோன் அதனை முன்வைத்தார். 1905க்குப் பின்னர் நடந்த சோதனைகளே அதனை உறுதிப்படுத்தின. அதுவரை, ஈர மண்ணும் கழிவும் காற்றோட்டமின்மையுமே நோய்க்குக் காரணம் என்று ஆட்சியாளர் பெரிதும் நம்பினர்.

அந்த நம்பிக்கையே நகரத்தின் நிலத்தை மறுபடியும் பங்கிட்டது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாயிற்று. கடற்காற்று நகருக்குள் புகும் வண்ணம் பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் மேற்கிலிருந்து கிழக்காக வெட்டப்பட்டன. வழியில் நின்ற குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. வீடிழந்த தொழிலாளரால் வேலையிடத்தை விட்டுத் தொலைவில் குடியேற இயலவில்லை. அவர்கள் அருகிலிருந்த கட்டடங்களிலேயே மேலும் நெருக்கமாக அடைந்தனர். நெருக்கடியைக் குறைக்க வந்த திட்டம் அதனை இடம் மாற்றி வைத்தது.

தீவின் வடக்கே டிரஸ்ட் வகுத்த தாதர்-மாட்டுங்கா திட்டம் வேறு வகையானது. அகன்ற தெருக்கள், பூங்காக்கள், கட்டடங்களுக்கிடையே கட்டாய இடைவெளி ஆகியவை அதன் இலக்கணம். 1920களிலும் 1930களிலும் அங்கு எழுந்த அடுக்குமாடி வீடுகளில் தென்னிந்திய எழுத்தர்களும் அலுவலர்களும் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் நிறுவப்பட்டது. குளியலறையும் கழிப்பறையும் வீட்டிற்குள்ளேயே அமைந்தமை இவ்வீடுகளின் தலையாய புதுமை. கழிப்பறை கொல்லைக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்ற பழைய ஆசாரம் இங்கே தளர்ந்தது.

இரயில் பாதைக்கு மேற்கே, நடந்து செல்லும் தொலைவில், தாராவி. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய இக்கோலி மீனவர் நிலத்திற்கு, துர்நாற்றம் தரும் தொழில்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒதுக்கப்பட்டன. தோல் பதனிடும் பட்டறைகளுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் வந்து சேர்ந்தனர். நகரம் அவர்களின் உழைப்பை ஏற்றது; அவர்களின் குடியிருப்புக்குத் தெருவும் சாக்கடையும் வகுக்கவில்லை. மொழி ஒன்றாயினும், மாட்டுங்காவின் தமிழரையும் தாராவியின் தமிழரையும் சாதியும் நிலமும் சேர்ந்தே பிரித்தன.

கிழக்கே செம்பூரின் கதையும் ஒதுக்கலின் கதையே. குர்லா-செம்பூர் இரயில் பாதை 1906இல் நகரக் குப்பையை ஏற்றிச் செல்ல அமைக்கப்பட்டது. பயணிகள் வண்டி 1924இல்தான் ஓடியது. அருகிலுள்ள தேவ்னாரில் 1927இல் குப்பைமேடு தொடங்கிற்று. பின்னர் மனிதரும் அத்திசையில் அனுப்பப்பட்டனர். 1976இல், அவசரநிலைக் காலத்தில், தமிழர் பலர் வாழ்ந்த ஜனதா காலனி அகற்றப்பட்டு, அம்மக்கள் டிராம்பேயின் சீட்டா முகாமுக்கு மாற்றப்பட்டனர்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் வட்டங்களில் 6,936 பேரின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தன. குடிசைப்பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும் ஏனைய பகுதிகளில் 16 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. வேறு வட்டத்தில் உள்ள தாராவி இதில் அடங்கவில்லை. அடங்காததனால்தான் இம்முடிவு கூடுதல் கவனத்திற்குரியது. ஊரறிந்த ஒரு பெரும் குடிசைப்பகுதியின் விதிவிலக்காக அதனை ஒதுக்கிவிட இயலாது. ஒரே மாநகராட்சியின் அதே வட்டங்களுக்குள்ளேயே அந்த வேறுபாடு நின்றது. பொதுக் கழிப்பறையும் பொதுக் குழாயும் அதற்குரிய காரணங்களுள் முன்வைக்கப்பட்டன. பிளேக்கைப் பரப்பியது தெள்ளு; கொரோனாவைப் பரப்பியது மூச்சுக்காற்று. பரவும் வழி மாறியபோதும், மிகுதியாகத் தாக்குண்டோர் நெருக்கடியான இடமே எஞ்சியவர்களாக இருந்தனர்.

இன்று தாராவி மீண்டும் வரைபடத்தில் ஏறியுள்ளது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கே தரைத்தளத்தில் வாழ்ந்தமையை மெய்ப்பிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. ஏனையோரில் பலருக்கு வெளியே. அவ்வெளியிடங்களுள் ஒன்றாகத் தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் 124 ஏக்கரை வழங்க மகாராஷ்டிர அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. நூறாண்டுகளாக நகரம் தன் கழிவைக் கொட்டிய நிலம் அது. டிரஸ்டின் வரலாற்றை அறிந்தோர், புதிய கட்டடங்களின் உயரத்தைக் காட்டிலும் இரண்டு எண்களையே முதலில் கேட்பர்: எத்தனை குடும்பங்கள் வெளியே அனுப்பப்படுகின்றன; அவர்கள் சேரும் இடத்தில் எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை.